சந்தனப் பாவில் வாதுமைக் கறை

போன மாதம் எங்கள் வீட்டுக்கு ஒரு நீள அட்டைப்பெட்டி வந்தது. மருமகள் செல்போனில் ஆர்டர் போட்டு வரவழைத்தது. பிரித்தால் காய்ந்த கிளைகள். கூடவே தனியாக ஒரு உறையில் சிவப்பும் பழுப்புமாக இலைகள். உதிர்ந்த இலையைப் பதப்படுத்தி விற்கிறார்களாம். அவள் அதையெல்லாம் ஒரு பீங்கான் ஜாடியில் செருகிக் கூடத்து மூலையில் வைத்தாள்.

"எப்படி இருக்குது மாமா?"

"நல்லா இருக்குதும்மா."

"கெடவே கெடாதாம். தூசி தட்டினா போதுமாம்."

அன்றிலிருந்து என்னால் கூடத்தில் உட்கார முடியவில்லை. பேப்பரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவேன். மாடியில் வெயில். இறங்கி வருவேன். வாசலில் நிற்பேன். கண்ணாடியைத் தேடுவேன், அது மூக்கிலேயே இருக்கும். "அப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று மகன் மருமகளிடம் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

நம் சங்க மலருக்கு ஆளுக்கொரு இளமைக்கால நினைவு எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். கருட சேவைக் கூட்டத்தில் தொலைந்துபோன கதையை எழுதலாம் என்று இருந்தேன். நான்கு வரி எழுதியும் விட்டேன். கிழித்துப் போட்டேன். உங்களில் பாதிப் பேர் எங்கள் தெருவில் என்னோடு வளர்ந்தவர்கள். எங்கள் வீட்டுத் தறிக்கு வந்த பட்டுப் பாவு ஒன்று கெட்டுப்போன கதை உங்களுக்குத் தெரியும். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதைத்தான் எழுதப் போகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. சித்தப்பாவுக்குக் கல்யாணமாகி ஆறேழு மாதம். சித்தி நம் ஆட்கள்தான் என்றாலும் பெங்களூரில் வளர்ந்தவர். அவருடைய அப்பா தறியை விட்டுவிட்டு அங்கே ஏதோ மில்லில் வேலைக்குப் போனவர். வந்த புதிதில் தெருவே சித்தியின் பேச்சைக் கேட்டுச் சிரித்தது. பிறகு அவர் பாவு பிணைக்கும் வேகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டது. தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு முடியும்போது புதுப் பாவின் இழை ஒவ்வொன்றையும் பழைய இழையின் நுனியோடு சேர்த்து முறுக்க வேண்டும் அல்லவா? ஆயிரக்கணக்கான இழை. சித்தி விரல் வழுக்காமலிருக்கச் சாம்பலைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தால் பேச்சும் நிற்காது, விரலும் நிற்காது.

அந்த வருஷம் தை மாதம் பள்ளிக்கூடத்து வாதுமை மரம் சிவந்தது. வருஷா வருஷம் சிவப்பதுதான். நாங்கள் கொட்டையை உடைத்துத் தின்போமே தவிர, இலையை யார் பார்த்தார்கள்? என் புத்தகப் பையில் ஒட்டிக்கொண்டு வந்த ஒரு இலையைச் சித்திதான் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பாதி சிவப்பு, பாதி மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை.

"இன்னும் இருக்குதா அங்க?"

"குப்பையா கொட்டிக் கெடக்குது சித்தி."

"கொண்டா. கிழியாததாப் பாத்துக் கொண்டா."

தினமும் கொண்டு வந்தேன். ஈரமில்லாமல் துடைத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி, அம்மிக்கல்லுக்கு அடியில் இரண்டு நாள் வைப்பார். பிறகு மெழுகுவத்தியை இலைமேல் தேய்த்து, மேலே காகிதம் போட்டு, கரி இஸ்திரிப் பெட்டியை ஒரு இழுப்பு இழுப்பார். மெழுகு உருகி இலைக்குள் இறங்கிவிடும். காகிதத்தை உரித்தால் இலை பளபளவென்று கெட்டியாக இருக்கும். அந்த வாசனை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. கரி, மெழுகு, சூடான செய்தித்தாள். பச்சைக் கிளைகளுக்கு வேறு வைத்தியம். மருந்துக் கடையில் கிளிசரின் வாங்கி வெந்நீரில் கலந்து, காம்பை நசுக்கி அதில் நிற்க வைப்பார். அந்த இலைகள் பழுப்பாகுமே தவிர உதிரவே உதிராது.

காய்ந்த வேப்பங்கிளை ஒன்றைப் பித்தளைக் குடத்தில் நட்டு, மெழுகிட்ட வாதுமை இலைகளைக் கழிவுப் பட்டு நூலால் அதில் கட்டித் தொங்கவிட்டார். தறிக்கு எதிர்ச் சுவரில் ஒரு தோரணம். சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு கொத்து. எங்கள் வீடு எங்கள் வீடு மாதிரியே இல்லை.

அம்மாவுக்கு ஆகவில்லை. "ஊர்ல சருகைப் பெருக்கி வெளியில தள்ளுவாங்க. இவ உள்ள இழுத்துக்கினு வரா."

"நல்லாத்தானே இருக்குது அண்ணி" என்பார் சித்தப்பா.

"உனக்கு என்னாத்தான் நல்லா இல்ல இப்ப? அவ வெறுங்கல்லை வச்சாலும் நல்லா இருக்குதும்ப."

சித்தப்பா தறிக்குழியில் இருந்தபடியே சிரிப்பார். சித்தி அடுக்களைப் பக்கம் திரும்பிக்கொள்வார். அவர்கள் இருவரும் பகலில் பேசி நான் பார்த்தது அவ்வளவுதான். சின்ன வீடு, கூட்டுக் குடும்பம். அப்பா எதிரில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வது வழக்கமில்லை. ஒரு இடத்தில் உட்காரவும் மாட்டார்கள்.

ஆனால் தறியில் உட்காரலாம். இதைச் சொன்னால்தான் மற்றது புரியும். சேலையின் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறமாக நெய்வது கோர்வை. அதற்கு ஒரே தறியில் இரண்டு பேர் வேண்டும். கரைக்கான ஊடை நூல் ஓடும் நாடாவை எறிய ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். நாள் முழுக்க, தோளோடு தோள். சித்தப்பா அப்பாவிடம் கேட்டது நான் இருக்கும்போதுதான்.

"அண்ணே, அடுத்த பாவுக்கு வெளியாள் வேணாம். அவளே கோர்வைக்கு உக்காரட்டும்."

அப்பா கணக்கு நோட்டை எடுத்துப் புரட்டினார். பிறகு, "சந்தனப் பாவு வருது. அதுல உக்காரட்டும், பாக்கலாம்" என்றார்.

அன்று சாயங்காலம் சித்தி பாடிக்கொண்டே பாத்திரம் தேய்த்தார். அம்மா என்னிடம், "உங்க சித்திக்குத் தறியில எடம் கெடச்சிடுச்சி, இனிமே தரையில கால் படாது" என்றாள். பொறாமை என்று அப்போது எனக்குத் தெரியாது. அம்மா கல்யாணமாகி வந்து பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட அப்பா அவளைப் பக்கத்தில் உட்கார வைத்ததில்லை.

இப்போது என் விஷயம். எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் கைவேலைக் கண்காட்சி வைத்தார்கள். சித்தியின் இலைக்கொத்தைக் கேட்டேன். "அது வூட்டுக்குடா. உனக்கு வேற செஞ்சு தரேன், பாவு வேலை முடியட்டும்" என்றார். கண்காட்சியோ மறுநாள். எனக்குக் கோபம். நானே செய்கிறேன் என்று கிளம்பினேன். இஸ்திரிப் பெட்டியை அம்மா தொட விடமாட்டாள். மெழுகும் தீர்ந்துபோயிருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் எது விறைப்பாக நிற்க வேண்டுமென்றாலும் ஒரே மருந்துதானே? நூலுக்கும் கஞ்சி, வேட்டிக்கும் கஞ்சி. இலைக்கு மட்டும் ஆகாதா? நெசவாளி வீட்டுப் பிள்ளையின் புத்தி அப்படித்தான் போகும்.

மறுநாள் விடியலில் சந்தனப் பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சி போடுவதாக இருந்தது. சாயங்காலமே சித்தி அரிசிக் கஞ்சி காய்ச்சி, துணியில் வடிகட்டி, கிணற்றடியில் மண்பானையில் மூடி வைத்திருந்தார். எல்லோரும் உள்ளே போனதும் நான் இருபது வாதுமை இலைகளை அந்தப் பானைக்குள் போட்டேன். மிதந்தன. ஒரு கல்லைக் கழுவி மேலே வைத்தேன். கழுவினேன் என்பதைக் குறிப்பாகச் சொல்கிறேன். அவ்வளவு பொறுப்பாகத்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

விடிவதற்கு முன் எழுந்து இலைகளை எடுத்துவிட்டேன். அவை விறைக்கவில்லை. கொழகொழவென்று இருந்தன. கிணற்றுக்குப் பின்னால் எறிந்தேன்.

பாவு நீட்டும்போது தெருவே உதவிக்கு வரும். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சந்தன நிறத்தில் பட்டு இழுத்துக் கட்டியிருந்தது. அரை வெளிச்சத்தில் கஞ்சி போட்டு, பிரஷ்ஷால் இழுத்துவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. வெயில் ஏறியது. பாவு காயக் காய, புகை படிந்த மாதிரி சாம்பல் திட்டுகள் எழும்பின. முதலில் ஒன்று. பிறகு பார்க்கிற இடமெல்லாம்.

பிற்காலத்தில் நான் அறிவியல் ஆசிரியனானேன். வாதுமை இலையில் கடுக்காயில் இருப்பது போன்ற துவர்ப்பு இருக்கிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் இரும்புச் சத்து. இரண்டும் சேர்ந்தால் கருப்பு. பழைய காலத்து மையே அப்படிச் செய்ததுதான். வருஷா வருஷம் வகுப்பில் அந்தச் சோதனையைச் செய்து காட்டும்போது எனக்கு வியர்க்கும். பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

அன்று யாரும் கைதட்டவில்லை. பாவின் நடுவே ஒரு சிவப்புத் துணுக்கு ஒட்டியிருந்தது. அப்பா அதை நகத்தால் எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இன்னாப்பா, உங்க வூட்டுப் பாவுக்கே இலை அலங்காரமா?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"பெங்களூர் டிசைனு" என்றது ஒரு பெண் குரல். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். 

அப்பா தம்பி பெண்டாட்டியோடு நேராகப் பேசமாட்டார். அம்மாவைப் பார்த்துத்தான் கேட்டார். "கஞ்சியில இலை எப்படி வந்துதுன்னு கேளு."

சித்தி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தெரியலக்கா. நான் நல்லா வடிகட்டித்தான் வச்சேன்."

"இந்த வூட்டுல இலையைத் தொடறது யாரு?" என்றார் அப்பா, அதையும் அம்மாவிடமே. பிறகு என் பக்கம் திரும்பினார். "நீதான் உங்க சித்தி பின்னாடியே சுத்துவியே. நீ பாத்தியா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சித்தியும் பார்த்தார். சந்தேகத்தோடு அல்ல. நான் தனக்குச் சாதகமாக ஏதோ சொல்லப் போகிறேன் என்ற நம்பிக்கையோடு.

நான் சொன்னேன்: "சித்தி இலை சுத்தி வைப்பாங்களே, அந்தத் துணியிலதான் கஞ்சியை வடிகட்டினாங்க."

அது பொய். இலைத் துணி வேறு, கஞ்சித் துணி வேறு. இரண்டும் அப்பாவின் பழைய வேட்டியில் கிழித்தவை, பார்க்க ஒன்று போலவே இருக்கும். அதனால்தான் அந்தப் பொய் எனக்கு அவ்வளவு சுலபமாக வந்தது.

சித்தி மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் மறுக்கவில்லை. முகம் மெல்ல மாறியது. கண்ணை மூடி எதையோ யோசித்தார். "மாத்தி எடுத்துட்டேனோ..." என்றார். எங்களிடம் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"புள்ள பொய் சொல்லாது" என்றார் அப்பா. நியாயமான மனிதர் என்று தெருவில் பெயரெடுத்தவர். பஞ்சாயத்துக்குக் கூப்பிடுவார்கள். அவர் அன்று விசாரித்தது அவ்வளவுதான்.

பிறகு சித்தப்பாவிடம் சொன்னார். "அந்தக் கை இனிமே என் வூட்டுப் பாவுல படக்கூடாது."

சித்தப்பா பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.  அவர் ஒரு வார்த்தை பேசியிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான்.

கிளைகளையும் இலைகளையும் சித்தியே கழற்றினார். பட்டு நூல் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். யாரும் அவரை அப்படி அவிழ்க்கச் சொல்லவில்லை, பிய்த்துப் போட்டிருக்கலாம். எல்லாவற்றையும் வெந்நீர் அடுப்பில் போட்டார். மெழுகு பட்டதும் அடுப்பு சட்டென்று எரிந்தது. அம்மா பக்கத்தில் நின்று பார்த்தாள். அம்மா சந்தோஷப்படவில்லை. அதை மட்டும் அவளுக்காகச் சொல்லிவிட வேண்டும்.

பாவுக்குக் கத்திரிப்பூ நிறம் ஏற்றினார்கள். கறை மறைந்துவிட்டது. கோர்வைக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு ஆள் வந்து உட்கார்ந்தார். சித்தி பாவு பிணைப்பதும் நின்றது. 'கை ராசியில்லாதவ' என்ற பேச்சு எங்கள் வீட்டிலிருந்து தெருவுக்குப் போய், உறவுக்காரர் வீடுகளுக்கெல்லாம் போயிற்று. கல்யாண வீட்டில் தாலிக்கயிற்றுக்கு மஞ்சள் தடவக்கூட அவரைக் கூப்பிடமாட்டார்கள். சில வருஷம் கழித்துச் சித்தப்பா தறியை விட்டு வாலாஜாபாத்தில் நெல் மிஷினில் வேலைக்குப் போனார். சித்தியும் போனார். நீங்கள் எல்லோரும் கேள்விப்பட்ட கதை இதுதான், ஒரே ஒரு விஷயம் தவிர.

நான் படித்தேன். வேலைக்குப் போனேன். நல்லது கெட்டதுக்கு அவர்களைப் பார்ப்பேன். சித்தப்பா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் நன்றாகத்தான் பேசினார். நான் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

அட்டைப்பெட்டி வந்து பத்தாம் நாள், காலைக் காப்பிகூடக் குடிக்காமல் வாலாஜாபாத் பஸ்ஸில் ஏறினேன். உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டே போனேன்.

சித்திக்கு எண்பது தாண்டிவிட்டது. கண் பார்வை கலங்கிவிட்டது. ஆள் உருவம்தான் தெரியும். தம்பி வீட்டில் இருக்கிறார். தம்பி என்றால் சித்தியின் மகன். சுவரில் ஒரு காலண்டர், சித்தப்பா படம். வேறு ஒன்றும் இல்லை. பூ ஜாடி இல்லை, வாசலில் ஒரு செடித்தொட்டிகூட இல்லை.

"யாரு, பெரியவனா? இன்னாப்பா சொல்லாம கொள்ளாம?"

"சித்தி, அந்தத் துணி மாறல."

"எந்தத் துணி?"

"கஞ்சி வடிகட்டின துணி."

அதற்குமேல் விளக்கத் தேவையிருக்கவில்லை. கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"கஞ்சிப் பானையில இலையைப் போட்டது நான். கண்காட்சிக்கு. காலையில எடுத்துட்டேன்."

"எத்தினி இலை?"

"இருபது இருக்கும்."

"மெதக்குமே?"

"மேல கல்லு வச்சேன்."

"கல்லு வேறயா" என்றார் சித்தி. சிரிக்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை. "ரெண்டு துணியையும் தனித்தனிக் கொடியிலதான் போட்டிருந்தேன். எனக்கு நல்லா ஞாபகம் இருந்துது. நீ சொன்னதும் அந்த ஞாபகம் போயிடுச்சி. அன்னிலேர்ந்து கேஸை அணைச்சேனா, கதவைப் பூட்டினேனான்னு நாலு தடவ போய்ப் பாக்கறேன். என் மருமவ கிண்டல் பண்ணும்."

நான் தரையைப் பார்த்தேன்.

"அவருக்குச் சொன்னியா?"

"இல்ல சித்தி."

"ஆஸ்பத்திரிக்கு வந்தியே."

"வந்தேன்."

"சொல்லியிருக்கலாம். 'நீ ஜாக்கிரதையா இருந்திருந்தா நாம ரெண்டு பேரும் ஒரே தறியில உக்காந்திருக்கலாம்'னு அந்த ஒண்ணுதான் அவரு என்னைச் சொன்னது. ஒரே தடவதான் சொன்னாரு."

"மன்னிச்சிடுங்க சித்தி."

சித்தி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "இங்க வாப்பா. அந்தப் பொண்ணையும் கூப்பிடு. அண்ணன் ஒண்ணு சொல்றான், கேளுங்க." தம்பியும் அவன் மனைவியும் வந்து நின்றார்கள். "சொல்லு. மொதல்லேர்ந்து சொல்லு."

முப்பது வருஷம் வகுப்பெடுத்தவன் நான். முதல் வாக்கியத்தையே இரண்டு தடவை ஆரம்பித்தேன். சொன்னேன். தம்பி என்னைப் பார்க்கவில்லை, அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மாவுக்குக் கை ராசியில்லை என்று அவனும் கேட்டு வளர்ந்தவன். அவன் கல்யாணத்திலேயே சித்தி பின்வரிசையில் உட்கார்ந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது.

"நம்ம தெரு ஆளுங்க யாரெல்லாம் இருக்காங்க இன்னும்?" என்று கேட்டார் சித்தி.

எனக்குத் தெரிந்தவர்களைச் சொன்னேன். உங்களில் பலர் அந்தப் பட்டியலில் இருந்தீர்கள். விரல் மடக்கிக் கேட்டுக்கொண்டார்.

"அவங்களுக்கெல்லாம் சொல்லணும். ஒவ்வொருத்தர் வூட்டுக்கும் நீ போய் முடியாது. எதுலயாவது எழுதிப் போடு. நீ எழுதறவனாச்சே."

"எழுதறேன் சித்தி. நீங்க என்னை..."

"அது அப்புறம். மொதல்ல எழுது."

எழுதிவிட்டேன். எங்கள் சித்தி துணியை மாற்றி எடுக்கவில்லை. அவர் கையில் ஒரு குறையும் இல்லை. இருந்தது என்று யாரிடமாவது சொல்லியிருந்தீர்களானால், அவர்கள் உயிரோடு இருந்தால், இதைக் காட்டுங்கள். மலர் அச்சாகி வந்ததும் எனக்கு இரண்டு பிரதி வேண்டும். ஒன்றைத் தம்பிக்குக் கொடுப்பேன். மற்றதைச் சித்தி எதிரில் உட்கார்ந்து, ஒரு வரியையும் விடாமல், நானே சத்தமாக வாசிக்க வேண்டும்.